ராத்திரிப் பால்

ஜனவரி 12

நாத்தனாருக்கு,

உன் பிள்ளை நன்றாக இருக்கிறான். அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியை நீ படிக்க மாட்டாய். கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. குறைமாதத்தில் பிறந்த கோழிக்குஞ்சுக்குக் குண்டன் என்று கேலியாகப் பேர் வைத்தோமே, இப்போதுதான் தொடையில் மடிப்பு விழுந்து பேருக்குக் கொஞ்சம் நியாயம் செய்கிறான்.

ஃபோனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். எங்கள் ஃபோன் இருப்பது உன் அண்ணன் சாப்பிடும் மேசைக்குப் பக்கத்தில். உன் ரயில்வே பயிற்சிப் பள்ளியில் வார்டன் அம்மாவின் மூக்குக்குக் கீழே. நான் சொல்லப்போவது அந்த இரண்டு பேர் காதிலும் விழக்கூடாது. நாள் முழுக்க அச்சகத்துத் தாள்களில் அடுத்தவர் பிழையைத் திருத்திவிட்டுச் சொந்தமாக நாலு வரி எழுத உட்கார்ந்தால் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் சுண்டெலியைப் பெற்று ஒன்றேகால் வருஷம். எனக்கு இன்னும் மாதவிலக்கு திரும்பவில்லை. மற்ற பெண்கள் தொல்லை விட்டது என்று இருப்பார்கள். என் கதை உனக்குத் தெரியும். கட்டி என்று ஒரு பக்கத்துச் சினைப்பையை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் நீ. மிச்சமிருந்த ஒன்றை நம்பி, கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து என் மகள் வந்தாள். எனக்கு முப்பத்தெட்டு முடிகிறது. இன்னொன்று வேண்டும். ஆசை என்று சொன்னால் சின்ன வார்த்தையாக இருக்கிறது. வேண்டும்.

டாக்டரம்மாவிடம் போனேன். குழந்தை உறிஞ்ச உறிஞ்சப் பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் ஏறுமாம். அது ஏறி நிற்கும்வரை கருமுட்டை வராமல் பிடித்துவைக்குமாம். "அதுலயும் ராத்திரிப் பாலுக்குத்தான் பலம் ஜாஸ்தி. அடுத்தது வேணும்னா மொதல்ல ராத்திரி குடுக்கறத நிறுத்துங்க"ன்னு சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். ராத்திரி குடிக்கிறவன் உன் பிள்ளை.

நீ போகும்போது அவனுக்கு நாலு மாதம். மாட்டுப்பால் அவனுக்கு ஆகாது, பட்டால் உடம்பெல்லாம் தடித்துப்போகிறது. "எனக்குத்தான் ஊறுதே, ரெண்டு பேருக்கும் குடுத்தா போச்சு" என்று வாயைக் கொடுத்தவள் நான்தான். நான் சாப்பிட்டாலும் என் பால் வழியாக அவனுக்குப் போகும் என்று பால், தயிர், வெண்ணெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கருப்புத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறேன். ராத்திரியில் திடீரென்று காதுவரை சூடு ஏறுகிறது, தலையணை நனைந்துவிடுகிறது. இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் படுத்தால் வேறென்ன ஆகும்!

உன் அண்ணனிடம் ஜாடையாகக் கேட்டுப்பார்த்தேன். "இருக்கற ரெண்டே வீட்டத் தலகீழா ஆக்குது, இன்னும் எதுக்கு?" என்கிறார். அவர் கணக்கில் இரண்டு. என் கணக்கில் ஒன்றுதான். இதை எழுதும்போது குண்டன் என் மடியில்தான் இருக்கிறான்.

அடுத்த மாதத்திலிருந்து அவனுக்கு ராத்திரிப் பாலை நிறுத்தலாம் என்று இருக்கிறேன். உன்னிடம் அனுமதி கேட்கிறேனா, தகவல் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. பதில் போடு.

அண்ணி


ஜனவரி 20

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை வகுப்புக்கு நடுவில் கழிவறையில் நின்று படித்தேன். படித்துவிட்டுப் போய் எஞ்சின் பிரேக் பற்றிய பாடத்தில் உட்கார்ந்தேன், ஒரு எழுத்தும் ஏறவில்லை.

இங்கே நடந்த ஒன்றை நான் உங்களிடம் சொல்லவில்லை. எனக்கு மாதவிலக்கு டிசம்பரிலேயே வந்துவிட்டது. வந்த புதிதில் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். காலையும் மாலையும் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல், பாலைப் பீய்ச்சித் தொட்டியில் விட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பது மாசமும் இப்படியே காப்பாற்றி வைத்துவிட்டால், திரும்பி வந்ததும் அவனுக்கு நானே கொடுக்கலாம் என்று நினைப்பு. பயிற்சி நேரம் கூடக் கூட ஒரு வேளையாகக் குறைந்தது, அப்புறம் அதுவும் போனது. ஒரு நாள் துணியில் கறை. அண்ணி, நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நாங்கள் ஓட்டக் கற்கும் எஞ்சினில் கைக்கருகே ஒரு பொத்தான் உண்டு. ஓட்டுகிறவர் கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் இருந்தால் மணி அடிக்கும். அப்புறமும் அதை அமுக்காவிட்டால், இந்த ஆள் தூங்கிவிட்டான் அல்லது செத்துவிட்டான் என்று முடிவுசெய்து வண்டி தானாகவே பிரேக் போட்டுக்கொள்ளும். குண்டன் என் உடம்பில் அந்தப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறான். அமுக்குகிறவன் இல்லை என்றதும், பிள்ளை இல்லை என்று என் உடம்பு முடிவுசெய்துவிட்டது. நான் உயிரோடு ஒரு பிள்ளையை உங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு இருக்கும்போதே.

நீங்கள் எது வரவில்லை என்று தவிக்கிறீர்களோ, அது வந்ததற்கு நான் அழுதேன். சிரிப்பீர்களோ என்னவோ.

எனக்கு இது கடைசி வாய்ப்பு, அது உங்களுக்குத் தெரியும். அடுத்த தேர்வுக்கு வயது தாண்டிவிடும். குண்டனின் அப்பா போன திசையில் நான் இனிமேல் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. இந்த வேலைதான் எனக்கும் அவனுக்கும். ஜூன்வரை பொறுத்துக்கொள்ளுங்கள் அண்ணி.

ஒன்று கேட்கட்டுமா? சுண்டெலிக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. எல்லாம் சாப்பிடுகிறாள். அவளுக்கு நிறுத்திப் பார்க்கக் கூடாதா? இரண்டு பேரில் ஒருவர் குறைந்தாலே உடம்பு கேட்குமோ என்னவோ.

உங்கள் நாத்தனார்


ஜனவரி 29

நாத்தனாருக்கு,

என் மகளுக்கு நிறுத்தச் சொல்கிறாய். உனக்கு வாய் ரொம்ப நீளம்.

அவளுக்கு நவம்பரிலேயே நிறுத்திவிட்டேன்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்றிருந்தேன். அந்த மாதம் உன் பிள்ளைக்கு எடை ஏறவே இல்லை. இரண்டு பேருக்கும் போதவில்லை என்று தெரிந்தது. சுண்டெலி சோறு சாப்பிடுவாள், அவன் மாட்டான். மார்பில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு "அம்மாவுக்குப் புண்ணு" என்று அவளிடம் பொய் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். பிளாஸ்திரிமேல் வாயை வைத்து உஃப், உஃப் என்று ஊதிவிட்டாள். அதே ராத்திரி அந்தப் பிளாஸ்திரியைப் பிரித்துவிட்டு உன் மகனுக்குக் கொடுத்தேன். அவள் பக்கத்தில் விரலைச் சப்பிக்கொண்டு தூங்கினாள். இப்போதும் அப்படித்தான் தூங்குகிறாள்.

ஆக, பொத்தானை அமுக்கிக்கொண்டிருப்பவன் உன் மகன் ஒருவன்தான். உன் எஞ்சின் பாடம் எனக்கு நன்றாகப் புரிந்தது, நன்றி.

திங்கட்கிழமையிலிருந்து ராத்திரிப் பால் கிடையாது. டாக்டரம்மா எழுதிக்கொடுத்த தனி டின் பாலைக் கிண்ணத்தில் கொடுக்கிறேன். மாத்திரையைக் கரைத்த மாதிரி ஒரு கசப்பு, நானே நக்கிப் பார்த்தேன். பகலில் என் பாலும் சாப்பாடும் உண்டு. பட்டினி போடவில்லை.

எனக்கும் ஒரு உடம்பு இருக்கிறது. அது இரவல் சாமான் இல்லை.

அண்ணி


பிப்ரவரி 6

அண்ணி,

நேற்று ஃபோன் பண்ணினேன். நீங்கள் எடுக்கவில்லை. அண்ணன்தான் எடுத்தான். "ராத்திரியெல்லாம் தொண்ட கிழியக் கத்துறான், யாரும் தூங்கல"ன்னு சொன்னான். பின்னால் குண்டன் அழுகிற சத்தம் கேட்டது. பட்டப்பகலில் எதற்கு அழுதான்? அவன் இளைத்துவிட்டான் என்று அண்ணன் சொல்லவில்லை. ஆனால் நான் கேட்டதும் வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

சுண்டெலிக்கு நிறுத்தியது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன். ஆனால் எனக்குத் தெரியாமல் செய்த உபகாரத்தை இப்போது எடுத்து என் முகத்தில் அடிப்பது என்ன நியாயம்? நீங்கள் வளர்க்கிறீர்கள் என்பதற்காக நான் எதையும் பேசக் கூடாதா? நான் பெற்றவள்.

இன்று மாதிரி எஞ்சினில் எனக்குத் தேர்வு. மணி அடித்தது என் காதில் விழவே இல்லை. வண்டி நின்றுவிட்டது. பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "பின்னாடி ஆயிரம் பேரு உக்காந்திருக்கான், நீ எங்கம்மா போயிட்ட?" எங்கே போனேன் என்று சொல்வது? என் பிள்ளை கத்துகிற வீட்டுக்குப் போயிருந்தேன்.

கோபமாகவே எழுதுகிறேன், இருக்கட்டும். வராத பிள்ளைக்காக வந்த பிள்ளையைத் தள்ளுகிறீர்கள். சனிக்கிழமை பையோடு வந்து அவனை எடுத்துக்கொள்கிறேன். வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நீங்கள் நிம்மதியாக இருங்கள்.


பிப்ரவரி 9

நாத்தனாருக்கு,

அவசரத் தபாலில் போடுகிறேன். வராதே.

வந்து என்ன செய்வாய்? உன்னிடம் பால் இல்லை. நீ கொடுக்கப்போவதும் இதே டின் பால்தான், வேலை இல்லாமல். தேர்வில் தோற்றவர்களுக்கு மறுதேர்வு உண்டு என்று உன் அண்ணன் விசாரித்துச் சொன்னார். அதை எழுது.

நேற்று அவனை எடைபோட்டேன். போன மாதத்தைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கிறது. மறைக்கவில்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, கிண்ணம் பழகினால் ஏறிவிடும் என்றார். நேற்று ராத்திரி கிண்ணத்தைத் தட்டிவிடவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி குடித்தான். கிழவன் கஷாயம் குடிக்கிற மாதிரி.

நீ எழுதியதற்குப் பதில் எழுத மாட்டேன். ஒரு வரி இருக்கிறது அதில். எது என்று உனக்கே தெரியும்.

அண்ணி


மார்ச் 4

நாத்தனாருக்கு,

மறுதேர்வில் தேறிவிட்டாய் என்று உன் அண்ணன் சொன்னார். சந்தோஷம்.

ராத்திரிப் பாலை நிறுத்தியும் எனக்கு மாதவிலக்கு வரவில்லை. அரைகுறையாக நிறுத்தினால் அரைகுறையாகத்தான் இருக்கும் என்று முழுக்கவே நிறுத்திவிட்டேன். முதல் நாலைந்து நாள் மார்பு கல்லாக இருந்தது. பக்கத்து அறையில் அவன் சிணுங்கினாலே ரவிக்கை நனைந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது சரியாகிவிட்டது. அவனும் கிண்ணத்துக்குப் பழகிவிட்டான், எடையும் ஏறிவிட்டது. என்னிடம் வந்தால் முன்போல முட்டுவதில்லை. தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு சும்மா இருக்கிறான். அது எனக்குப் பிடிக்கவில்லை. முட்டினால் தேவலை.

பால் ஊற்றிய தேநீர் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

துணியெல்லாம் துவைத்து அலமாரியில் தயாராக வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் பார்க்கிறேன். வயிறு கொஞ்சம் இழுத்தால்கூட வேலையைப் போட்டுவிட்டு ஓடிப் பார்க்கிறேன். வயதுக்கு வரக் காத்திருக்கும் பெண் மாதிரி இருக்கிறது என் பிழைப்பு. அச்சகத்துக்காரர் நேற்று ஒரு பக்கத்தைத் திருப்பி அனுப்பினார், மூன்று பிழையை விட்டிருந்தேனாம். இத்தனை வருஷத்தில் இது முதல் தடவை.

அண்ணி


மார்ச் 15

அன்புள்ள அண்ணி,

அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன். திருப்பி எடுக்க முடிந்தால் எடுப்பேன்.

இங்கே மருத்துவ அறையில் ஒரு நர்ஸ் அக்கா இருக்கிறார். பேர் சொல்லாமல் உங்கள் விஷயத்தைக் கேட்டேன். "அது வரலையேன்னு பாத்துக்கிட்டே இருக்காதீங்க. மொதல்ல வர்றது முட்டைதான், அப்புறம்தான் உதிரம். அந்த மொத முட்டையிலயே தங்கிட்டா ஒண்ணுமே வராது. எத்தனையோ பேரு வரவே இல்லன்னு நெனச்சிட்டு அஞ்சாம் மாசத்துல வந்து நிப்பாங்க" என்றார்.  அண்ணி, ஏற்கனவே தங்கியிருக்குமோ? மருந்துக்கடையில் சோதனைப் பட்டை வாங்கிப் பாருங்கள். இன்றைக்கே பாருங்கள்.

அப்படி இருந்தால் அவனுக்கு நிறுத்தியது சரிதான் என்று நானே சொல்லிவிடுவேன். மனசார.

என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். ஃபோனில் கேட்க மாட்டேன்.

உங்கள் நாத்தனார்


மே 9

நாத்தனாருக்கு,

உன்னை இத்தனை நாள் காக்கவைத்துவிட்டேன். எழுத ஒன்றும் இல்லை, அதனால் எழுதவில்லை.

உன் கடிதம் வந்த அன்று கடை மூடியிருந்தது. மறுநாளும் விடுமுறை. அந்த இரண்டு நாளும் நான் நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும், நிறைகுடத்தை எடுத்துப் போகிறவள் மாதிரி. குண்டன் தவழ்ந்து வந்து கையைத் தூக்கினான். கனம் தூக்கக் கூடாதே என்று அவனைத் தூக்கவில்லை. மூன்றாம் நாள் பட்டையில் ஒரே கோடு. அடுத்த வாரமும் ஒரே கோடு.

டாக்டரம்மா ரத்தத்தைச் சோதிக்க எழுதினார். ஒரு மாதம் விட்டு இன்னொரு தடவையும் எடுத்தார். பால் ஹார்மோன் எப்போதோ இறங்கிவிட்டது. ஏறிக்கிடப்பது மூளையிலிருந்து வரும் வேறொரு ஹார்மோன். மூளை சினைப்பையைக் கதவு தட்டிக் கூப்பிடுமாம் மாதாமாதம். உள்ளே திறக்க ஆள் இல்லையென்றால் இன்னும் பலமாகத் தட்டுமாம். எனக்கு அது தட்டோ தட்டென்று தட்டிக்கொண்டிருக்கிறது. "ராத்திரியில ஒடம்பு சூடாகி வேர்க்குதா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் படுப்பதால் என்றல்லவா நினைத்திருந்தேன். பாலை நிறுத்தி, பிள்ளைகளைத் தள்ளிப் படுக்கவைத்த பிறகும் வேர்த்ததே, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மாதவிலக்கே நிற்கிற காலம் எனக்கு முன்கூட்டியே வந்துவிட்டது. ஒரே சினைப்பை இருந்தால் சிலருக்கு அப்படி ஆகுமாம். "வாய்ப்பே இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா அத நம்பி ஒக்காராதீங்க" என்றார். எலும்புக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

குண்டன் எதையும் பிடித்துவைக்கவில்லை. அவன் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தான். வராத பிள்ளைக்காக வந்த பிள்ளையை என்று எழுதினாயே, அந்தக் கடிதத்தை அன்றே கிழித்துப் போட்டேன். வரி போகவில்லை. நீ கோபத்தில் எழுதியது, பிழை இல்லாமல் எழுதிவிட்டாய்.

உன் அண்ணனிடம் நேற்றுத்தான் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார். "எங்கிட்ட ஏன் சொல்லல?"ன்னு கேட்டார். அப்புறம் "ரெண்டு பேரு இருக்..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். மனிதருக்கு அது புரிந்ததே பெரிது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாவது சோதனையின் முடிவோடு வந்து, விளக்குப் போடாமல் தரையில் உட்கார்ந்திருந்தேன். சுண்டெலி தூங்கிக்கொண்டிருந்தாள். உன் மகன் தவழ்ந்து வந்தான். வந்து முட்டினான். இரண்டு மாதத்துக்குமேல் ஆகிறது, ஒன்றும் இருக்காது என்றுதான் விட்டேன். முதலில் ஒன்றுமில்லை. அவன் விடவில்லை. அப்புறம் சொட்டுச் சொட்டாக வந்தது. நான் வாய்விட்டு அழுதேன், அவன் கொஞ்சமும் கண்டுகொள்ளவில்லை.

மறுபடி கருப்புத் தேநீர்தான் குடிக்கிறேன்.

மறுபடி கொடுப்பதற்கு உன் சம்மதம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஜூனில் நீ வருவாய், அவனைக் கூட்டிக்கொண்டு போவாய். அதுதான் முறை, நான் குறுக்கே நிற்க மாட்டேன். அவனுக்கு நான் அத்தைதான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். தூங்கும்போது தூக்கிக்கொண்டு போய்விடாதே. அவன் விழித்திருக்கும்போது, என் கண்ணெதிரில் கூட்டிக்கொண்டு போ. இல்லாவிட்டால் ராத்திரி எழுந்து தேடுவேன்.

அண்ணி


மே 21

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு பல நாள் பதில் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. இப்போதும் உங்களுக்கு ஆறுதலாக ஒன்றும் எழுதத் தெரியவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் தலைமாட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார வேண்டும் போல இருக்கிறது. சோதனைப் பட்டை வாங்கச் சொல்லி ஆசை காட்டினவள் நான். அதற்கும் சேர்த்து என்னைத் திட்டிவிடுங்கள்.

கருப்புத் தேநீர் என்று படித்ததும் வயிறு எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன். என்னிடம் வற்றிப்போனது, உங்களிடம் அவன் கேட்டதும் திரும்பிவிட்டது. ஒரு நாள் முழுக்க எரிந்துகொண்டே இருந்தது. அப்புறம், இரண்டு மாதம் கழித்தும் மறக்காமல் வந்து முட்டினானே என்று நினைத்தேன். அவன் முட்டிப் பார்க்க ஒரு இடம் இருந்ததே.

பரீட்சை எல்லாம் முடிந்தது, தேறிவிட்டேன். நேற்று எந்தப் பணியிடம் வேண்டும் என்று கேட்டார்கள். நம் ஊர்ப் பணிமனையில் இடம் வேண்டுமானால் சரக்கு வண்டிதான், அதுவும் ராத்திரி வேலை. பகல் வண்டி வேண்டுமென்றால் தூரத்து ஊருக்குப் போக வேண்டும். நான் ராத்திரி வண்டியைக் கேட்டேன். எழுதிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி, "நல்லா யோசிச்சுதான் சொல்றியாம்மா? இத யாரும் கேட்டு வாங்க மாட்டாங்க" என்றார். நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன்.

உங்கள் தெருவிலேயே ஒரு அறை பார்க்கச் சொல்லி அண்ணனுக்கு எழுதியிருக்கிறேன். இருட்டியதும் அவனை உங்களிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன். விடிந்ததும் வந்து கூட்டிக்கொள்வேன், அவன் விழித்திருக்கும்போது, உங்கள் கண்ணெதிரில். பிறகு சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். இதை நான் உங்களுக்குச் செய்யும் உபகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். பகலில் என்னிடம் இருக்கும்போது அவனை யாருக்கும் தர மாட்டேன், சண்டைக்கு வருவேன், சொல்லிவிட்டேன்.

ஆனால் ராத்திரி அவன் அழுதால் என்னை நினைத்துத் தயங்காதீர்கள். அந்த நேரத்தில் அவன் யார் பிள்ளை என்று நான் கேட்கப்போவதில்லை. நான் வண்டியில் இருப்பேன், பொத்தானை அமுக்கிக்கொண்டு.

உங்கள் நாத்தனார்